வாடகை ஆர்ஓ மாதம் 599 ரூபாய்: எடுக்கலாமா, சொந்தமாக வாங்குவதா?

மூன்றாம் மாடி (கேள்வி)

சென்னை வேளச்சேரியில் 24 வீடுகள் உள்ள அடுக்ககம். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் குழாயில் தருவது), போர் தண்ணீர் இரண்டும் ஒரே சம்ப்பில் (தரையடித் தொட்டி) விழுந்து மேல்தொட்டிக்கு ஏறுகின்றன. சமையலறைக் குழாயில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பு, லிட்டருக்கு மி.கி.) மீட்டர் 900 காட்டுகிறது. வீட்டில் நான்கு பேர். அம்மாவுக்கு வயது 66, கால்சியம் மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் எடுக்கிறார். குழந்தைக்கு 5 வயது.

ஆர்ஓ (தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் மெஷின்) வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம் இரண்டு திட்டங்கள் சொல்கிறது. 200 லிட்டர் வரை 399 ரூபாய், அளவில்லாமல் 599 ரூபாய். டெபாசிட் 1,500. ஃபில்டர், மெம்பிரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு), சர்வீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பணம் ஆட்டோபேயில் (கணக்கிலிருந்து தானாக) போகும். "ஆர்ஓ தண்ணீரில் சத்து இருக்காது, எலும்பு தேயும்" என்று சொல்லி மினரல், காப்பர் (செம்பு), அல்கலைன் (காரத்தன்மை) மூன்றும் சேர்ந்த கேட்ரிட்ஜுக்கு மாதம் 150 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

வாடகை சரியா, சொந்தமாக வாங்குவது சரியா? அந்த மினரல் கேட்ரிட்ஜ் தேவையா? இது தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

சம்ப் சாவி

திட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். 900 என்பது உங்கள் தண்ணீரின் குணம் இல்லை, இரண்டு தண்ணீர் கலந்த பிறகு வந்த சராசரி. சம்ப்பில் மெட்ரோ தண்ணீர் விழும் குழாய் வாயில் ஒரு டம்ளர் பிடித்து அளங்கள். போர் மோட்டார் ஓடும்போது அதன் குழாயில் தனியாக ஒரு டம்ளர். அந்த இரண்டு எண்களும் தெரியாமல் எந்த மெஷினையும் முடிவு செய்யக் கூடாது.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 டிடிஎஸ்ஸுக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மி.கி. வைத்திருக்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு (கால்சியம், மக்னீசிய உப்புகள்) 200, அனுமதி 600. நைட்ரேட் 45, அதற்குத் தளர்வு கிடையாது. ஃப்ளோரைடு 1.0, அனுமதி 1.5. எந்த 100 மி.லி.யிலும் ஈ.கோலை கிருமி இருக்கவே கூடாது.

டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தலை மட்டும்தான். உப்பு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. கிருமி, ஈயம், பூச்சிமருந்து எதுவும் அதில் தெரியாது. 120 காட்டும் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கலாம், 800 காட்டும் தண்ணீர் கிருமியில்லாமல் இருக்கலாம். விற்க வருகிறவர்கள் இரண்டு கம்பிகளை விட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டும் சோதனையையும் நம்ப வேண்டாம். அதில் மிதப்பது பெரும்பாலும் கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. உப்பு அதிகமுள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாய்வதால் துருவும் அதிகமாக வரும், அவ்வளவுதான்.

முறையான பரிசோதனைக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நீர்ப் பகுப்பாய்வு உண்டு. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் வைத்து, அன்றே கொடுத்துவிடுங்கள். வீட்டில் முதற்கட்டமாகப் பார்க்க எச்2எஸ் குப்பி (கிருமி இருந்தால் தண்ணீரைக் கறுப்பாக்கும் சோதனைக் குப்பி) போதும். கோடு வரை நிரப்பி 24 முதல் 48 மணி நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள், கறுத்தால் மலக்கிருமி கலப்பு இருக்கலாம் என்று அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென்சென்னைக்கு வரும் மெட்ரோ தண்ணீரில் ஒரு பகுதி நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்து அனுப்புவது. 2013-இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் நிலையம், 2024-இல் 15 கோடி லிட்டர் நிலையம் அங்கே வந்தன. அந்த நிலையங்களில் நடப்பதும் ஆர்ஓதான், பெரிய அளவில். அவ்வளவு செலவழித்து உப்பெடுத்து அனுப்பிய தண்ணீரை நாம் சம்ப்பில் போர் தண்ணீரோடு கலக்கிறோம். பிறகு வீட்டுக்கு வீடு மறுபடி ஆர்ஓ போட்டு, முக்கால் பங்கைச் சாக்கடையில் விடுகிறோம். என் மனதை மிகவும் உறுத்துவது இதுதான். உங்கள் மெட்ரோ குழாயில் 500-க்குக் கீழ் காட்டினால் உங்களுக்கு வேண்டியது ஆர்ஓ அல்ல, மெட்ரோ தண்ணீருக்கென்று ஒரு தனித்தொட்டி. அளந்து சொல்லுங்கள், அதன் விவரம் எழுதுகிறேன்.

---

ஸ்பேனர் 13

சம்ப் சாவி சொல்றது சரி. ஆனா தொட்டி பிரிக்கிறதுக்கு சங்கத்துல கையெழுத்து வாங்கவே ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் வீட்டுல தண்ணி குடிக்கணும் இல்லையா? 900 டிடிஎஸ்ஸுக்கு மெஷின் எப்படி நடந்துக்கும்னு சொல்றேன்.

வீட்டு ஆர்ஓ எல்லாமே ஒரே சங்கதிதான். வெளியில 10 இஞ்ச் பவுல்ல ஸ்பன் ஃபில்டர், மண்ணைப் பிடிக்கிற நூல் உருளை. உள்ள செடிமென்ட் (நுண் தூசி) ஃபில்டர், கார்பன் ஃபில்டர், 24 வோல்ட் பூஸ்டர் பம்ப், சொலினாய்டு வால்வ் (மின்சாரத்துல திறந்து மூடுற வால்வ்), மெம்பிரேன், வேஸ்ட் லைன்ல ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் (வேஸ்ட் போற வேகத்தைக் கட்டுப்படுத்துறது), கடைசில யுவி (கிருமியைக் கொல்ற புற ஊதா விளக்கு). மேல ஒட்டுற பேரு மட்டும்தான் மாறும். 75 ஜிபிடி (நாளுக்கு 75 கேலன்) மெம்பிரேன்னா நாளுக்கு 284 லிட்டர், மணிக்குச் சுமார் 12 லிட்டர். அதுவும் கம்பெனி சொல்ற அழுத்தத்துல, குறைஞ்ச டிடிஎஸ்ல. 900 தண்ணியில 9, 10 லிட்டர் வந்தா நல்ல மெஷின்.

மெம்பிரேன் நல்லா இருக்கான்னு நீங்களே பார்க்கலாம். டிடிஎஸ் கன்ட்ரோலர் (வடிகட்டாத தண்ணியைக் கொஞ்சம் கலக்குற வால்வ்) இருந்தா அதை முழுசா மூடிடுங்க. மெஷினை 10 நிமிஷம் ஓட விடுங்க. ஆரம்பத்துல வர்ற தண்ணி எப்பவும் அதிகமாத்தான் காட்டும், மெஷின் நின்னு கெடக்கும்போது உப்பு அந்தப் பக்கம் கசிஞ்சிருக்கும். அப்புறம் மெம்பிரேன்ல இருந்து வர்ற குழாயைக் கழட்டி அங்க பிடிங்க. டேங்க் தண்ணியை அளக்காதீங்க. உள்ள 900, வெளிய 60ன்னா 93 சதவீதம் கழிக்குது, நல்லது. 90க்கு மேல இருக்கணும். 80க்குக் கீழ போனா மாத்திடணும்.

எங்க கெடும்? முதல் எதிரி குளோரின். கார்பன் ஃபில்டர் தீர்ந்து போச்சுன்னா மெட்ரோ தண்ணியில இருக்கிற குளோரின் நேரா மெம்பிரேன்ல அடிக்கும். அந்தத் தோல் பாலிஅமைடு, குளோரின் பட்டா பொடிஞ்சு போகும். அப்போ தண்ணி வேகமா வரும், டிடிஎஸ்ஸும் ஏறும். இரண்டாவது எதிரி கடினத்தன்மை. வேஸ்ட் தண்ணி குறையணும்னு வீட்டுக்காரங்க கேப்பாங்க, சர்வீஸ் பையன் ரெஸ்ட்ரிக்டரைச் சின்னதா மாத்திட்டுப் போயிடுவான். ஒரு மாசம் சந்தோஷமா இருக்கும். அப்புறம் உள்ள சுண்ணாம்பு படிஞ்சு, தண்ணி வர்றது பாதியாயிடும். 900 தண்ணிக்கு ஒரு பங்கு நல்ல தண்ணி, மூணு பங்கு வேஸ்ட். இதுல கை வைக்க வேண்டாம்.

டேங்க் நிரம்பி மெஷின் நின்ன பிறகும் வேஸ்ட் குழாய்ல தண்ணி போயிட்டே இருந்தா சொலினாய்டு வால்வ் மூடலைன்னு அர்த்தம். ராத்திரி முழுக்க ஓடும், யாருக்கும் தெரியாது, ஏன்னா குழாய் சிங்க்குக்குக் கீழ இருக்கு. மாசம் ஒரு தடவை குழாயைக் கையில பிடிச்சுப் பாருங்க. பம்ப் சத்தம் கூடினா பெரும்பாலும் ஸ்பன் அடைச்சிருக்கும். சென்னைத் தண்ணிக்கு ரெண்டு மூணு மாசத்துல அது செம்மண் நிறமாயிடும், 120 ரூபா சாமான், நீங்களே மாத்தலாம். வால்வை மூடி, பவுல் சாவியால இடப்பக்கம் திருகணும். உள்ள இருக்கிற ஓ ரிங்கை (ரப்பர் வளையம்) துடைச்சு, ஃபுட் கிரேடு சிலிக்கான் கிரீஸ் துளி தடவி மாட்டணும். ஓ ரிங் மடங்கினா பாதி ராத்திரில தண்ணி அலமாரிக்குள்ள நிக்கும்.

டேங்க்கை மறந்துடாதீங்க. ஆர்ஓ தண்ணியில குளோரின் ஒரு துளி இருக்காது. அஞ்சாறு நாள் வெளியூர் போயிட்டு வந்தா டேங்க் தண்ணியை முழுசா ஊத்திட்டு, அடுத்த டேங்க்ல இருந்து குடிங்க.

---

ரசீது

வாடகைக் கணக்கை நான் போடுகிறேன்.

முதலில் "மாதம்" என்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் 28 நாள் ரீசார்ஜ் சாதாரணம். 28 நாள் என்றால் ஆண்டுக்கு 13 முறை: 599 × 13 = 7,787 ரூபாய். ஐந்து ஆண்டில் 38,935.

200 லிட்டர் திட்டம் உங்களுக்கு ஆகாது. நான்கு பேர் குடிக்க 10 லிட்டர், சோறு, குழம்பு, பால், காபிக்கு 6 முதல் 8 லிட்டர் என்று நாளுக்கு 17 லிட்டராவது போகும். 28 நாளில் 476 லிட்டர். 200 பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். பிறகு கூடுதல் லிட்டருக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அல்லது வால்வ் மூடிக்கொள்ளும்.

சொந்த மெஷினுக்கு ஐந்து ஆண்டுக் கணக்கு, தோராய விலையில்: மெஷின் 12,000. ஸ்பன், செடிமென்ட், கார்பன் ஆண்டுக்கு 2,000 வீதம் 10,000. 900 டிடிஎஸ்ஸுக்கு ஒன்றரை ஆண்டுக்கு ஒரு மெம்பிரேன் என்று வைத்தால் மூன்று முறை, 3,600. ஆண்டுக்கு மூன்று முறை ஆள் கூலி 400 வீதம் 6,000. பம்ப்பும் அடாப்டரும் ஒரு முறை மாற்ற 2,000. கூட்டினால் 33,600. நிறுவனத்தின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்து 5,000 வீதம் கட்டினால் வாடகையோடு வித்தியாசமே இருக்காது.

மூன்று ஆண்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று: வாடகை 23,361; சொந்தம் 12,000 + 6,000 + 2,400 + 3,600 = 24,000. ஆகவே மூன்று ஆண்டுக்குள் வீடு மாறுவீர்கள் என்றால், அல்லது தண்ணீரே மாறப்போகிறது என்றால் வாடகை. அதே வீட்டில் இருக்கப்போகிறீர்கள், ஸ்பன் மாற்றக் கை வரும் என்றால் சொந்தம். தண்ணீரின் டிடிஎஸ் 1,500-க்கு மேல் என்றால் மெம்பிரேன் அடிக்கடி போகும். அந்தச் சுமை நிறுவனத்தின் தலையில் விழுவதால் வாடகையில் உங்களுக்கு லாபம். ஆனால் "உள்வரும் டிடிஎஸ் இத்தனைக்கு மேல் போனால் பொறுப்பில்லை" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கலாம். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடுங்கள்.

தேட வேண்டிய வேறு வரிகளும் உண்டு. குறைந்தபட்சம் எத்தனை மாதம் கட்ட வேண்டும். இடையில் நிறுத்தினால் மெஷினைக் கழற்ற எவ்வளவு. வீடு மாறினால் மாற்றிப் பொருத்த எவ்வளவு. டெபாசிட் எத்தனை வேலை நாளில், எதைக் கழித்துக்கொண்டு திரும்பும். புகார் சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், வராத நாளுக்கு வாடகை உண்டா. ஊருக்குப் போனால் திட்டத்தை நிறுத்திவைக்க முடியுமா. மெஷின் வைஃபையோடு இணையும் வகை என்றால், வைஃபை இல்லாத நாளில் ஓடுமா. வாய்ச்சொல் போதாது, வாட்ஸாப்பிலோ மின்னஞ்சலிலோ பதில் வாங்குங்கள்.

மெஷின் பொருத்தும் அன்று உள்தண்ணீர், வெளித்தண்ணீர் டிடிஎஸ், மெஷினின் வரிசை எண், சுவரில் போட்ட துளை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். டெபாசிட் தகராறில் கை கொடுப்பது அந்தப் படங்கள்தான்.

ஆட்டோபேயைப் பற்றிக் கவனம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்த தவணைகளுக்கு ஓடிபி கேட்காது. அதனால் ஒப்புதல் கொடுக்கும்போது "அதிகபட்சத் தொகை" என்ற இடத்தைப் பாருங்கள். வாடகை 599 இருக்க, 5,000 என்று போட்டிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுத்த வேண்டுமானால் யுபிஐ செயலியிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம், நிறுவனத்தைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் ஆட்டோபேயை ரத்து செய்வதும் ஒப்பந்தத்தை முடிப்பதும் ஒன்றல்ல. மெஷின் வீட்டில் இருக்கும்வரை வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் எழுத்தில் "இந்தத் தேதியோடு முடிக்கிறேன், மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பி, கழற்றியதற்கு ரசீது வாங்கி, பிறகு ரத்து செய்யுங்கள்.

சேர்வது ஒரு தட்டல், விலகுவது பத்துத் தொலைபேசி என்று வைத்திருந்தால் அது விதிமீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. சந்தாப் பொறி அதில் ஒன்று. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

---

கிணற்றடி

இத்தனை வேண்டுமா? காய்ச்சி ஆறவைத்துக் குடிப்பதில் என்ன குறை?

---

சம்ப் சாவி

கிருமிக்குக் குறையே இல்லை. கொப்புளம் விட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீட்டுக்கு அது நல்ல வழி. ஆனால் நைட்ரேட், ஃப்ளோரைடு, குளோரைடு எதுவும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகும் அளவுக்கு அவை சற்றுக் கூடவே செய்யும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது கடினத்தன்மையின் ஒரு பகுதி மட்டும்தான். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் போர் தண்ணீரை நைட்ரேட் பார்க்காமல் காய்ச்சி மட்டும் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

---

மருந்துச் சீட்டு

மினரல் கேட்ரிட்ஜ் கேள்விக்கு வருகிறேன்.

ஆர்ஓ கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிடுகிறது என்பது உண்மை. எவ்வளவு என்று கணக்குப் போட்டால்தான் பயப்படலாமா என்று தெரியும். லிட்டருக்கு 75 மி.கி. கால்சியம் உள்ள தண்ணீரை நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் 150 மி.கி. கிடைக்கும். வளர்ந்தவருக்கு நாளைக்கு வேண்டியது சுமார் 1,000 மி.கி. ஆக, தண்ணீரால் இழப்பது ஏழில் ஒரு பங்கு. அதை ஈடுகட்ட 50 கிராம் கேழ்வரகு மாவு போதும், அதில் ஏறக்குறைய 180 மி.கி. இருக்கிறது. 200 மி.லி. பசும்பாலில் சுமார் 240. முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் உண்டு. எலும்புக்குக் கால்சியம் தருவது சாப்பாடு. தண்ணீர் அதற்கு ஒரு சிறு துணைதான்.

இப்போது கேட்ரிட்ஜை அளப்போம். அதற்கு முன்னும் பின்னும் டிடிஎஸ் பாருங்கள். 20 கூடியிருந்தால் லிட்டருக்குச் சுமார் 20 மி.கி. உப்பு சேர்ந்திருக்கிறது. அது முழுவதும் கால்சியம் கார்பனேட்டாகவே இருந்தாலும் கால்சியம் அதில் 40 சதவீதம், அதாவது 8 மி.கி. இரண்டு லிட்டருக்கு 16 மி.கி. பாலாகச் சொன்னால் ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. இதற்கு ஆண்டுக்கு 150 × 13 = 1,950 ரூபாய். வேண்டாம் என்பது என் முடிவு.

அல்கலைன் விஷயமும் அப்படியே. பிஎச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். இரைப்பை அமிலத்தின் பிஎச் 1.5 முதல் 3.5 வரை. பிஎச் 9 தண்ணீர் அதில் விழுந்த கணமே நடுநிலையாகிவிடும். ரத்தத்தின் பிஎச்சைச் சிறுநீரகமும் நுரையீரலும் பார்த்துக்கொள்கின்றன. செம்பும் சாப்பாட்டிலேயே போதிய அளவு கிடைக்கிறது.

வைட்டமின் பி12 குறைவுக்கும் ஆர்ஓ காரணம் என்று சிலர் சொல்வார்கள். குடிநீரில் நாம் நம்பியிருக்கும் அளவுக்கு பி12 இருப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவைதான் வழி. நீரிழிவுக்கு நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவருக்குக் குறைய வாய்ப்பு அதிகம்.

இதைவிட முக்கியம் அம்மாவின் மாத்திரைகள். "கால்சியம் 500" என்று எழுதியிருக்கும் மாத்திரையில் 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட் இருக்கும், அதில் கால்சியம் 500. அட்டையின் பின்புறம் படித்துப் பாருங்கள். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் எடுத்தால்தான் நன்றாகச் சேரும். ஒரே வேளையில் 500-க்கு மேல் போட்டால் உடல் ஏற்பது குறையும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடலில் சேர்வது குறையும். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் அதை இரவுக்குத் தள்ளுங்கள். வாரம் ஒன்று போடும் 60,000 யூனிட் வைட்டமின் டி மருத்துவர் சொன்ன வாரங்களோடு நிற்க வேண்டும். தானாக மாதக்கணக்கில் வாங்கிப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் வரை போகும்.

கடைகளில் விற்கும் மினரல் டிராப்ஸ் பல மக்னீசியம் குளோரைடு கரைசல்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

---

மூன்றாம் மாடி

எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக அளந்தேன். மெட்ரோ குழாய் வாயில் 350, போர் 1,450. மினரல் கேட்ரிட்ஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தனித்தொட்டி விவரம் எழுதுங்கள், சங்கக் கூட்டத்தில் வைக்கிறேன். அதுவரை வாடகை எடுத்தால் டிடிஎஸ் கன்ட்ரோலரை எவ்வளவு திறக்க வேண்டும்?

---

சம்ப் சாவி

பாதிக்குப் பாதி கலந்தால் 900, கணக்கு சரியாக வருகிறது. 350 என்றால் உப்புக்காக ஆர்ஓ தேவையே இல்லை. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 500-க்குக் கீழ் உள்ள தண்ணீருக்கு ஆர்ஓ கூடாது என்றுதான் சொன்னது.

கூட்டத்தில் இந்தக் கணக்கை முதலில் சொல்லுங்கள். ஒரு வீட்டுக்கு நாளுக்கு 20 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் என்றால் 60 லிட்டர் வேஸ்ட். 24 வீட்டுக்கு 1,440 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று எட்டு நாளுக்கொருமுறை அப்படியே சாக்கடைக்குப் போகிறது. கோடையில் லாரிக்குப் பணம் கட்டும்போது இது உறைக்கும்.

குடிக்க, சமைக்க வீட்டுக்கு 25 லிட்டர் என்றால் மொத்தம் 600 லிட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்தாலும் 1,200 போதும். எனவே தரையில் ஒரு 2,000 லிட்டர் தொட்டி, மாடியில் ஒரு 1,000 லிட்டர் தொட்டி. மெட்ரோ குழாய் முதலில் கீழ்த்தொட்டியில் விழ வேண்டும், அது நிரம்பி வழிவது பழைய சம்ப்புக்கு. குழாயின் வாய் தொட்டியின் வழிமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சும். அரை எச்.பி. மோட்டார் ஒன்று. மாடித் தொட்டியிலிருந்து முக்கால் இஞ்ச் சிபிவிசி (பிளாஸ்டிக்) குழாய் இறங்கி ஒவ்வொரு சமையலறையிலும் ஒரே ஒரு குழாய். பழைய லைனோடு எங்கேயும் இணைப்பு வைக்கக் கூடாது. "அவசரத்துக்கு ஒரு வால்வ் வைப்போம்" என்று பிளம்பர் சொல்வார், அந்த வால்வ் ஒரு நாள் திறந்தே கிடக்கும். மெட்ரோ குழாயில் நேராக மோட்டார் வைப்பதும் கூடாது. அது சட்டப்படி குற்றம், அதோடு குழாயின் விரிசல் வழியாகச் சாக்கடையையும் உள்ளே இழுக்கும்.

தொட்டியில் குளோரினைக் காப்பது முக்கியம். 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிநீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஓடிஓ (குளோரின் சோதனை) சொட்டு விட்டால் லேசான மஞ்சள் வர வேண்டும், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் இருக்க வேண்டும். மெட்ரோ தண்ணீரிலேயே அந்த அளவு வந்தால் எதுவும் சேர்க்க வேண்டாம். திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் சில வாரத்தில் வீரியம் இழக்கும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை தொட்டி கழுவ வேண்டும். வீட்டில் யுவியும் யுஎஃப்பும் (உப்பை விட்டுவிட்டு அழுக்கையும் கிருமியையும் தடுக்கும் நுண்வடிகட்டி) சேர்ந்த சாதனம் போதும், வேஸ்ட் தண்ணீரே கிடையாது. மெட்ரோ தண்ணீர் கலங்கியோ நாற்றத்தோடோ வந்தால் குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916-க்குச் சொல்லிவிட்டு அன்றைக்கு அந்தத் தொட்டியின் வால்வை மூடிவிடுங்கள்.

---

ஸ்பேனர் 13

கன்ட்ரோலர் விஷயம். அது மெம்பிரேனுக்குப் போகாத தண்ணியைக் கொஞ்சம் கலக்குற வால்வ், வேற ஒண்ணும் இல்லை. உங்களுக்கு மெம்பிரேன்ல 60 வருது, கலக்குறது 900. 150 வேணும்னா பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் பச்சைத் தண்ணி கலக்கணும். மெஷின் ஓடும்போது கால் சுத்து, கால் சுத்தா திறந்து, ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம் விட்டு அளங்க. கோடையில போர் மட்டும் ஓடி 1,450 ஆச்சுன்னா அதே திறப்புல 240 பக்கம் வரும், பரவாயில்லை. ஆனா போர் தண்ணியோட நைட்ரேட் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் முழுசா மூடியே வைங்க. கலக்குற தண்ணியில இருக்கிறது எல்லாம் அப்படியே டம்ளருக்கு வரும். யுவி கிருமியைத்தான் கொல்லும், நைட்ரேட்டைத் தொடாது.

வேஸ்ட் தண்ணி உங்க வீட்டுல 1,200க்குக் கொஞ்சம் குறைவா காட்டும். வாளியில பிடிச்சு கழிவறைக்கு, தரை துடைக்க வைங்க. செடிக்குத் தினமும் ஊத்தாதீங்க, மண்ணுல உப்பு ஏறிடும்.

புது மெம்பிரேன் போட்டாங்கன்னா முதல் ரெண்டு டேங்க் தண்ணியை ஊத்திடுங்க. உள்ள கெடாம இருக்கப் போட்ட மருந்து அதுல கழுவி வரும்.

---

ரசீது

அப்படியானால் குறைந்தபட்ச மாதம் இல்லாத திட்டமாகக் கேட்டு எடுங்கள், ஆறு மாதத்துக்கு மேல் கட்டுப்படாதீர்கள். ஆட்டோபேக்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் நீங்களே ரீசார்ஜ் செய்ய விடுவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் விடுவார்கள், விளம்பரத்தில்தான் சொல்வதில்லை.